சுரைக்கொடியும் கட்டுக்கம்பியும்

அந்த வீட்டில் எந்த டப்பாவையும் யாரும் லேசில் திறந்துவிட முடியாது. சர்க்கரை, உப்பு, தேயிலை, ஜாம் பாட்டில், தண்ணீர் பாட்டில், மூடி உள்ள எதுவாக இருந்தாலும் சரி, பிரேக்காரர் கை பட்டுவிட்டால் அவ்வளவுதான். அவருடைய மனைவி மூடியைத் தரையில் தட்டுவாள், வெந்நீரில் காட்டுவாள், கதவிடுக்கில் கொடுத்துத் திருகுவாள். அவருடைய அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தெருக்கோடி வரை கேட்கிற குரலில் கத்துவாள்.

"டேய், இது டீத்தூள் டப்பாடா, பஸ் சக்கரம் இல்ல! கழண்டு ஓடினா யாரும் சாகப் போறதில்ல!"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். மிஷின் கொஞ்ச நேரம் ஓடாது. பிறகு ஓடும்.

பஸ் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை பார்ப்பவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். அவர் கை வைத்து அனுப்பிய வண்டியை டிரைவர்கள் கேட்டு வாங்கி ஓட்டிய காலம் உண்டு. இப்போது அந்தக் கை நடுங்கியது. சும்மா இருக்கும்போது இல்லை. ஏதாவது சின்ன வேலையில் இறங்கும்போது வலது கை விரல்கள் காற்றில் மாட்டிய காகிதம் போல் படபடத்தன. எதையாவது முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்தால் மட்டும் நடுக்கம் வெளியே தெரியாது. அதனால் அவர் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தார். டம்ளரை, கதவுத் தாழ்ப்பாளை, குழாயை. குளியலறைக் குழாய் கழுத்து முறிந்து இரண்டாவது குழாய் மாற்றியாகிவிட்டது.

நடந்தது இதுதான். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் வேலை பார்த்து இறக்கிய வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டப் போனது. வாசலில் சரிபார்க்கும் ஆள் குனிந்து பார்த்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினான். பிரேக் கம்பியைப் பிடித்து நிறுத்துகிற பின், கொண்டை ஊசி மாதிரி இருக்குமே, அது துளையில் செருகியபடி இருந்தது. ஆனால் அதன் இரண்டு காலும் மடக்கப்படவில்லை. மடக்காத பின் ஓடுகிற அதிர்வில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வந்துவிட்டால் பிரேக் இல்லை. வண்டி வெளியே போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டாக்டர் அவர் கையை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் சத்தம் போட்டது.

டூல் ரூமுக்கு மாற்றினார்கள். கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, திரும்பி வாங்கி மாட்டுகிற வேலை. அவர் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பின்ன நான் மடக்கினேன். எவனோ நிமித்தியிருக்கான்" என்றார், வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே.

ஃபோர்மேன் வீடு தேடி வந்தான். ஒரு காலத்தில் இவரிடம் வேலை கற்றுக்கொண்டவன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, வருஷக் கடைசி வரைக்கும் அந்த ஸீட்ட உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. லைட் டியூட்டிக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. அதையும் விட்டீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நான் ட்ரெயினிங் குடுத்த பயலுங்களுக்கு நான் ஸ்பானர் எடுத்து நீட்டணும். அப்படித்தானே?"

"நீங்க குடுத்தா சரியான ஸ்பானரா இருக்கும்ணே."

"கூண்டுல வச்ச குரங்கு மாதிரி. காசு மட்டும்தான் போட மாட்டாங்க. போய்யா."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சோற்றுத் தட்டை நகர்த்திய வேகத்தில் அது சுவரில் போய் முட்டியது. மனைவி ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். விடியுமுன் போய் அடுப்புப் பக்கம் நின்று தட்டுத் தட்டாக ரொட்டி இறக்கி, அடுக்கி, உறை போட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருவாள். கால் வீங்கியிருக்கும். அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"இங்க பாருங்க. கோவம் வந்தா வீட்டுக்குள்ள காட்டாதீங்க. பின்னாடி இடம் கெடக்கு. அங்க கொண்டுபோய்க் கொட்டுங்க. இந்த வீட்டுல உடையறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."

பின்னாடி என்பது வீட்டின் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு கட்டில் போடுகிற அளவு இடம். செங்கல் துண்டு, ஓட்டை வாளி, துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்கள், யாரோ எப்போதோ கொட்டிய சிமென்ட் கட்டி. அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடப்பாரையை இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். அங்கே கை நடுங்கவில்லை. அந்தக் கோடை முழுக்கக் குத்தினார். எந்தக் குழி ஆழமாக இருக்கிறதோ, அதைத் தோண்டின அன்றைக்கு வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அக்கா கணக்குப் போட்டுச் சொல்லுவாள்.

"இது ஃபோர்மேன் வந்த குழி. அது உன் தம்பி ஃபோன் பண்ணி, 'மாமா எப்ப வேலைக்குப் போறாரு'ன்னு கேட்டானே, அந்தக் குழி. இன்னும் ரெண்டு பேரு விசாரிச்சாங்கன்னா நமக்குக் கிணறே கெடச்சிடும்."

"வாய மூடுங்க அண்ணி, கேக்கப் போறாரு" என்பாள் மனைவி, சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு.

இடம் பண்பட்டதும் சுரை விதையும் தக்காளி விதையும் வாங்கி வந்தார். விதைகளை விரல் ஆழத்துக்கு அழுத்தி, மண்ணைத் தள்ளி, குதிகாலால் ஒவ்வொரு குழியையும் மிதித்து உட்கார வைத்தார். தளர்வாக எதையும் விட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். வெயில் அந்த மண்ணைச் சுட்டுச் சட்டி ஓடாக்கியது. ஒன்றும் முளைக்கவில்லை.

"விதைக்கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"விதைய நட்டியா, பொதச்சியா?" என்றாள் அக்கா.

அவர் கிளறிப் பார்த்தார். உள்ளே முளை விட்ட சுரை விதை ஒன்று வெள்ளை வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே வர வழி தெரியாமல் மக்கிப் போயிருந்தது. அதைத் தூக்கி மதிலுக்கு அப்பால் எறிந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மழை வந்தது. அது விழுவதற்குச் சற்று முன்புதான் அவர் மறுபடி விதை போட்டார், சுரை மட்டும். இந்த முறை மிதிக்க நேரம் கிடைக்கவில்லை. மேகம் இறங்கிவிட்டது. நான்கு சுரை முளைத்தன. கொண்டையில் விதைத் தோலைத் தொப்பி போல் மாட்டிக்கொண்டு அவை நின்றதைப் பார்க்க, மனைவி ரொட்டிக் கடையிலிருந்து வந்த கையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்குப் போனாள். அவர் ஓட்டை வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாலும் நல்லா இருக்குங்க."

"மூணு நல்லா இருக்கு. அந்த மூலையில இருக்கிறது சவலை."

ஆனாலும் அந்த மாதம் வீட்டில் தட்டு நகரவில்லை. துருப்பிடித்த குழாய்களை ஊன்றிப் பந்தல் போட்டார். மண்வாசனை, ஈரத்துணி வாசனை, முன்னறையில் மிஷின் எண்ணெய் வாசனை. மழை விட்ட நேரங்களில் வாளிமேல் உட்கார்ந்து கொடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடியின் பற்றுச்சுருள் காற்றில் துழாவிக் கம்பியைத் தொட்டதும் ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டிக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது. விரலால் இழுத்துப் பார்த்தார். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "நல்ல ஸ்பிரிங்கு" என்றார், தனக்குத்தானே. அந்த நேரங்களில் கை எப்படி இருக்கிறது என்பதே அவருக்கு ஞாபகம் வராது.

ஆனால் காற்றடித்தபோது கொடி ஆடியது. ஆடுகிற எதுவும் விழும் என்பது அவர் தொழில் கற்றுக் கொடுத்தது. கட்டுக்கம்பி வாங்கி வந்தார், கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே அந்தக் கம்பி. கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு கணுவிலும் குழாயோடு சேர்த்து இரண்டு முறுக்கு, மூன்றாவதாக ஒரு அரை முறுக்கு. பிளேயரை இறுக்கிப் பிடித்தால் கை கல் மாதிரி நின்றது. கட்டி முடித்த கட்டு ஒவ்வொன்றும் ஒர்க்‌ஷாப் வேலை மாதிரி வரிசையாக, ஒரே அளவாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு. கை நடுங்குதாம். எவன் கையி நடுங்குது?"

அவள் கொடியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்று கொடி கட்டி முடிந்தது. மூலையில் இருந்த நான்காவதுக்கு வருவதற்குள் பிளேயர் காணாமல் போனது. காரணம் அக்கா. எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று அவள் மிஷினைத் தொட்டவர் ஊசிப் பக்கத்துத் திருகை இறுக்கியே முறித்துவிட்டார். அரை நாள் தையல் நின்றது. அக்கா பிளேயரைத் துணிப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடுக்கா அத."

"குடுக்க மாட்டேன். இன்னைக்குத் திருகு, நாளைக்கு என் கழுத்து."

"கொடி தொங்குது."

"தொங்கட்டும். அதுக்கென்ன கல்யாணமா காத்துக் கெடக்கு?"

அவர் அவளுடைய வெட்டுத் துணிக் குவியலிலிருந்து ஒரு பட்டையை உருவிக்கொண்டு போனார். மஞ்சள் பூப்போட்ட நைட்டித் துணி. துணியை இறுக்கிப் பிடித்து என்ன செய்ய? முடிச்சுப் போட விரல்களைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தியதும் அவை ஆடத் தொடங்கின. ஒரு முனை வளையத்துக்குள் போவதற்குள் மறு முனை நழுவியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் விழுந்த முடிச்சுகள் சின்னப் பிள்ளை செருப்புவார் கட்டியது போல் தொளதொளவென்று கிடந்தன. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இலைகளை இழுத்து அவற்றை மூடிவிட்டார். பிளேயர் கிடைத்ததும் மாற்றிக் கட்டிவிடலாம் என்று நினைத்தார். பிளேயர் கிடைக்கவில்லை. பிறகு அந்த மூலைப்பக்கம் அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பனி தொடங்கியது. முதலில் கட்டிய மூன்று கொடியும் பந்தலுக்கு மேலே பூ விட்டன, பிஞ்சும் பிடித்தன. பிறகு ஒருநாள் மத்தியானம் மேல் இலைகள் துவண்டு தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்தன. மறுநாளும் துவண்டன. அப்புறம் சாயங்காலத்திலும் நிமிரவில்லை. பிஞ்சுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.

அவருக்குப் பைத்தியம் பிடித்தது போலாயிற்று. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். சாம்பல் தூவினார். புழு இருக்கிறதா என்று இலை இலையாகப் புரட்டினார்.

"யாரு துணி தொவச்ச தண்ணிய இங்க ஊத்தினது?"

"யாரும் ஊத்தல" என்றாள் மனைவி.

"பின்ன ஏன் காயுது? வேர் நல்லா இருக்கு. அடித்தண்டு பச்சையா இருக்கு. மேல மட்டும் காயுது. ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுல நாலு செடிய ஒழுங்கா விட மாட்டேங்கறீங்க!"

"ஆமா, நான் ராத்திரியில எந்திரிச்சுப் போய் ஊதிட்டு வர்றேன்" என்றாள் அக்கா.

அந்தச் சமயம் பார்த்து ஃபோர்மேன் இரண்டாவது முறை வந்தான். பின்வாசல் வரை வந்து, காய்ந்த கொடிகளைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணே, வருஷம் முடியப் போகுது. மேல கேக்கறாங்க. வர்ற திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

"அந்தப் பின்ன நிமித்தினவன் யாருன்னு கண்டுபிடிச்சியா?"

ஃபோர்மேன் தரையைப் பார்த்தான்.

"கண்டுபிடிக்க மாட்ட. உனக்கு நான் கூண்டுக்குள்ள போனாச் சரி. போ. போயிச் சொல்லு, அவன் வர மாட்டான்னு."

"அண்ணே..."

"போடா!"

அதுவரை அவர் அவனை, வேலை கற்ற காலத்துக்குப் பிறகு, 'டா' போட்டதில்லை. ஃபோர்மேன் அக்காவிடம் தலையசைத்துவிட்டுப் போனான். மனைவி அப்போதுதான் ரொட்டிக் கடையிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள்.

"திங்கக்கெழம போகப் போறதில்லையா?"

"இல்ல."

"அப்ப என் காலு வீங்கிட்டே இருக்கட்டும்."

"உன்ன யாரு..."

"யாரும் சொல்லல. எத்தன வருஷமா இந்த வீட்டுல உங்க பிரேக் கதைய கேக்கறேன்? பிடிச்ச பிரேக்கு விடலன்னா டிரம்மு எரிஞ்சு போயிடும்னு நீங்கதான சொல்லுவீங்க? இங்க எரியற வாசன உங்களுக்கு வரலியா? எங்களுக்கு வருது."

பையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். பையிலிருந்து ரொட்டி ஒன்று உருண்டு வாசல்படியில் கிடந்தது.

அவர் பந்தலைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முதல் கொடியைப் பிடித்து இழுத்தார். எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுச் சிமென்ட் பூசிவிடுவதென்று வெறி. கொடி சுலபமாக வந்தது. கட்டு இருந்த இடத்தில் படக்கென்று ஒடிந்து வந்தது. இரண்டாவது கணுவிலும் அப்படியே. மூன்றாவதிலும். அவர் கை நின்றது.

ஒடிந்த முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கட்டுக்கம்பி தண்டுக்குள் புதைந்து கிடந்தது. கம்பியின் இரண்டு பக்கமும் தண்டு தொண்டைக்கட்டி மாதிரி வீங்கியிருந்தது. கம்பி கடித்த இடத்தில் நூல் போலச் சுருங்கி வெறும் நாராக இருந்தது. கட்டியபோது விரல் பருமன் கூட இல்லாத தண்டு. அது பருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. போல்ட் பருப்பதில்லை. கம்பி பருப்பதில்லை. அவர் வாழ்நாளில் இறுக்கிய எதுவும் இறுக்கியபிறகு வளர்ந்ததில்லை.

அடுத்த கொடிக்குப் போனார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். இரண்டு முறுக்கும் ஒரு அரை முறுக்கும், எல்லாம் வரிசையாக, ஒரே அளவாக.

கடைசியில் மூலைக்கு வந்தார். இலைகளை விலக்கினார். சவலை என்று சொன்ன கொடி கட்டைவிரல் தடிமனுக்குப் பருத்து, மஞ்சள் பூத்துணி முடிச்சுகளுக்குள் தாராளமாக நுழைந்து மேலே போயிருந்தது. எட்டிப் பார்த்தால், மதிலுக்கு அந்தப் பக்கம், இதுவரை அவர் கண்ணில் படாத இடத்தில், முழங்கை நீளத்தில் ஒரு காய் தொங்கியது. கொடியை லேசாக இழுத்துப் பார்த்தார். துணிக்குள் நகர்ந்தது, திரும்பி வந்தது. விழவில்லை.

அக்கா பின்வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன் நின்னுட்ட? அதையும் பிடுங்கிப் போடு. ஒரே வேலையா முடியும்."

"இது காயலக்கா."

"எப்படிக் காயும்? அது என் நைட்டித் துணி."

"நீ இத முன்னாடியே பாத்தியா?"

"கட்டினப்பவே பாத்தேன். பின்ஜன்னல் எதுக்கு இருக்குன்னு நெனச்ச?" என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், யோசித்தாள், திரும்பச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிஷின் ஓடத் தொடங்கியது.

மனைவி ரொட்டியை எடுக்க வெளியே வந்தபோது அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒடிந்த தண்டுகள். வலது கை ஒரு தண்டின் கம்பியைப் பிரிக்கப் பார்த்துப் படபடத்தது. அவர் அதை இறுக்கி மூடவில்லை. அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பின்ன யாரும் நிமித்தல" என்றார்.

அவள் உருண்டு கிடந்த ரொட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் மடக்கல. மடக்கிட்டேன்னுதான் நெனச்சேன். கைக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு வந்து டீ டம்ளர ரெண்டு கையால பிடிச்சீங்க. அப்பவே."

"அந்த வண்டியில ஜனங்க..." அவர் நிறுத்தினார். மதிலுக்கு அப்பால் எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது.

"வாசல்லயே நின்னுடுச்சில்ல?"

"நின்னுது. என் பிரேக்கால நிக்கல."

ரொட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் நடுங்குகிற கையாலேயே வாங்கிக்கொண்டார். துணுக்குகள் உதிர்ந்தன. எறும்புகள் வந்தன. இருவரும் அவை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அடுத்த நாளெல்லாம் அவர் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்குப் பிரித்தார். பிளேயர் இல்லாமல் விரலால் பிரிக்க நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்ச் சுவரைக் குத்திவிட்டு வந்தார். ஒரு கொடியில் மட்டும், அடிக்கட்டுக்குக் கீழே, புதிதாக ஒரு கொழுந்து புறப்பட்டிருந்தது. அக்காவிடம் போய்க் கையை நீட்டினார்.

"துணி குடு."

"என்ன கலர் வேணும் துரைக்கு?"

"ஏதோ ஒண்ணு குடுக்கா. உயிர வாங்காத."

மூலைக் கொடியின் காயை ஞாயிற்றுக்கிழமை பறித்துச் சமைத்தார்கள். பறிக்காமல் விட்டதில் முற்றிப்போயிருந்தது. "நார் நாரா இருக்கு" என்றார் அவர், மூன்றாவது முறை போட்டுக்கொண்டபோது.

திங்கட்கிழமை காலை. மனைவி அன்றைக்கு மட்டும் தாமதமாக வருவதாகக் கடையில் சொல்லியிருந்தாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லாமலே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். சட்டைப் பொத்தான்களோடுதான் அவருக்குக் கை ஆடத் தொடங்கிய நாளிலிருந்து சண்டை. அவள் ஒருமுறை உதவிக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டவர். இன்றைக்கும் முதல் பொத்தானோடு முட்டி மோதினார். கெட்ட வார்த்தை ஒன்று வாய்க்குள் போனது. பிறகு திரும்பி அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதப் போட்டு விடு."

அவள் போட்டாள். கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"அது வேணாம். இறுக்குது."

"சரி."

"குரங்குக் கூண்டுக்குப் போறேன். சந்தோஷமா உனக்கு?"

"சாப்பாட்டு டப்பா எடுத்துக்குங்க."

டப்பாவை எடுத்துக்கொண்டார். கையோடு தேநீருக்குத் தானே சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு இறங்கினார். தெருவில் நாங்கள் யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்திருப்பார், முகம் அப்படி இருந்தது.

அவர் தெரு முனையைத் தாண்டவில்லை, அதற்குள் அந்த வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கிளம்பியது.

"அடப்பாவி! சர்க்கரையில எறும்பு ஏறுது! எவன்டா இந்த மூடிய இப்படிச் சும்மா வச்சிட்டுப் போனவன்?"

முனையில் அவர் ஒரு நொடி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்.